நிதானம் யாருடையது?

1

தஞ்சாவூரிலிருந்து நண்பர் ஒருவர் எழுதிய கடிதத்தில், 'நீயும் உன் பெண்ணும் இத்தாலிக்குப் போய்க் கூலியில்லாமல் ஆலிவ் காய் பறித்துவிட்டு வந்தீர்களாமே, இது என்ன புது விரதம்?' என்று கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டதுதான். ஆனால் விரதம் என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. விரதம் இருக்கிறவன் வீட்டுப் பானையில் அரிசி இருக்கிறது. மறுநாள் காலை அவன் பாரணை செய்வான். அரிசி இல்லாமல் படுக்கிறவனுடைய பட்டினியை யாரும் விரதம் என்று சொல்வதில்லை. வயிற்றில் நடப்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வேறுபாடு வயிற்றுக்கு வெளியே இருக்கிறது. நிதானமான வாழ்க்கை என்று இப்போது பல மொழிகளிலும் பேசப்படுகிற காரியமும் இப்படிப்பட்டதுதானா என்பதே இந்தக் கட்டுரையில் நான் என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி. பதில் சொல்லி முடித்துவிட்டதாக நினைக்கவில்லை.

முதலில் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். நான் இருபது வருஷமாக ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஒரு தொழில் நகரத்தில் இருக்கிறேன். இயந்திரங்கள் சம்பந்தப்பட்ட வேலை. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஒரே பெண், பன்னிரண்டு வயது. 2024லும் 2025லும் அக்டோபர் மாதத்துப் பள்ளி விடுமுறை இரண்டு வாரத்தையும் நானும் அவளும் மத்திய இத்தாலியில் உம்ப்ரியா என்ற பிரதேசத்தில் ஒரு சிறிய பண்ணையில் கழித்தோம். அரை நாள் வேலை. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். பணம் கைமாறாது. இப்படி ஆட்களையும் பண்ணைகளையும் சேர்த்து வைக்கிற வூஃப் என்ற ஏற்பாடு 1971ல் இங்கிலாந்தில் தொடங்கிற்று. லண்டனில் காரியதரிசியாக இருந்த சூ காப்பர்ட் என்ற பெண்மணி, நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள் சனி ஞாயிறில் கிராமத்துக்குப் போய் உழைத்துவிட்டு வரலாமே என்று ஆரம்பித்தது. அதன் முதல் பெயரிலேயே 'வார இறுதி' என்ற வார்த்தை இருந்தது. அவசர வாழ்க்கைக்கு மாற்றாகப் பிறந்த யோசனை, அவசர வாழ்க்கை ஒதுக்கித் தந்த இரண்டு நாளில்தான் பிறந்தது. எங்களுக்குக் கிடைத்த இரண்டு வாரமும் அப்படித்தான்.

ஏன் போனேன்? யாருக்கும் உதவி செய்யப் போகவில்லை. ஒரு நாள் காலை, என் பெண்ணிடம் நான் பேசும் வார்த்தைகளில் அதிகமானது 'சீக்கிரம்' என்பதுதான் என்று கவனித்தேன். பல் தேய்க்கும்போது, ஷூ போடும்போது, பஸ் வரும்போது. அன்று ராத்திரி அவள் தூக்கத்தில் ஏதோ முனகினாள். எழுந்து போய்ப் பார்த்தபோது, இவளுக்கு என் குரல் பிற்காலத்தில் எந்த வார்த்தையாக ஞாபகம் இருக்கும் என்று யோசித்தேன். பயமாக இருந்தது. போனதற்கு அந்தப் பயம்தான் காரணம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் நிதானத்தைத் தேடிப் போனோம்.

2

உம்ப்ரியாவில் நிதானம் ஒரு சித்தாந்தம். 1986ல் ரோமில் ஸ்பானியச் சதுக்கத்தில் மக்டொனால்ட்ஸ் உணவுக்கடை வந்ததை எதிர்த்து எழுந்த குரல், 1989ல் பாரிஸில் ஒரு பிரகடனமாகி, 'ஸ்லோ ஃபுட்' என்ற இயக்கமாகப் பரவிற்று. 1999ல் நான்கு இத்தாலிய ஊர்கள் சேர்ந்து தங்களை நிதான நகரங்கள் என்று அறிவித்துக்கொண்டன. அந்த நான்கில் ஒன்று உம்ப்ரியாவில் இருக்கிற ஓர்வியேத்தோ. இவர்களுக்குச் சின்னம் நத்தை. நாங்கள் போன பண்ணை ஓர்வியேத்தோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், ஒரு மலைச்சரிவில் இருந்தது.

ஆனால் ஆலிவ் அறுவடையில் நத்தை இல்லை. மரத்தடியில் வலை விரித்து, சீப்புப் போன்ற சிறு வாரியால் கிளையைக் கோதிக் காயை உதிர்த்து, வலையைச் சுருட்டிப் பெட்டியில் கொட்ட வேண்டும். கொட்டின நிமிஷத்திலிருந்து அவசரம் தொடங்குகிறது. காயைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும். எண்ணெயில் அமிலம் ஏறும். முதல் தரம் என்ற பெயர் கிடைக்க அமிலம் நூற்றுக்கு 0.8க்கு மேல் போகக்கூடாது. அதனால் அன்று பறித்ததை அன்றோ மறுநாளோ ஆலைக்குக் கொண்டுபோயாக வேண்டும். பிரதேசம் முழுவதும் ஒரே சமயத்தில் பறிக்கிறது. ஆலையில் முறை கிடைப்பது ராத்திரி பதினோரு மணிக்காக இருக்கலாம், விடியற்காலை மூன்று மணிக்காக இருக்கலாம். மழை வந்தால் வேலை நிற்கும். மழை வருமுன் முடிக்க வேண்டும். நூறு கிலோ காய்க்குப் பதினைந்து கிலோ எண்ணெய் வந்தால் எங்கள் பண்ணைக்காரர் சந்தோஷப்பட்டார். பாட்டிலில் ஊற்றிய பிறகு அதன் மேல் ஒட்டும் சீட்டில் நிதானத்தின் படம் இருக்கும். அதற்குள் இருப்பது யாரோ தூங்காத ராத்திரிகள்.

நானும் என் பெண்ணும் சேர்ந்து அரை நாளில் மூன்று பெட்டி நிரப்பினோம். பெட்டிக்கு இருபது கிலோ. அதிலும் அவள் பங்குதான் அதிகம் என்பது என் சந்தேகம். பண்ணைக்கார அம்மாள் இத்தாலியின் வடக்குக் கோடியில் போல்ஸானோப் பக்கத்துக்காரர், ஜெர்மன் பேசுவார். கிளையை வலித்து இழுத்து இலையோடு உருவியதற்காக என்னை இரண்டாம் நாளே கண்டித்தார். அப்பாவும் திட்டு வாங்குவார் என்பதை என் பெண் அன்றுதான் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் நான் வாரியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்களுக்குள் பல வருஷமாக இருந்து வந்த உத்தியோக உறவு போன்ற ஒன்று, கட்டளை இடுகிறவனும் தாமதம் செய்கிறவளும் என்ற ஏற்பாடு, அன்று கொஞ்சம் தளர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை. கல் சுவர்மேல் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்போம். அவள் பேசினாள். மூன்றாம் வகுப்பில் ஒரு சிநேகிதி தன்னை விட்டுப் போனதைப் பற்றி அங்கேதான் முதல் தடவையாகச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பொய்யாக இருந்திருந்தால் பிரச்னையே இல்லை, தூக்கி எறிந்துவிடலாம். உண்மையாக இருந்ததால்தான் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

3

அந்தத் தோப்பில் பல மரங்களுக்கு ஒற்றை அடிமரம் இல்லை. தரையிலிருந்தே மூன்றாகவோ நான்காகவோ பிரிந்து எழுந்திருந்தன. ஏன் என்று என் பெண் கேட்டாள். கேட்டது பக்கத்து ஊரிலிருந்து அடிக்கடி தோப்புக்கு வந்து போகும் ஒரு கிழவரை. எண்பதைத் தாண்டியவர். பண்ணைக்கார அம்மாள் மொழிபெயர்த்தார். 1985 ஜனவரியில் வந்த உறைபனியில் மத்திய இத்தாலி முழுவதும் ஆலிவ் மரங்கள் பட்டுப்போயின. அடியோடு வெட்டினார்கள். வேர் சாகவில்லை, சுற்றிலும் துளிர்த்த கன்றுகளில் மூன்று நான்கை விட்டு வளர்த்தார்கள். 1956 பிப்ரவரியிலும் அப்படி ஒரு பனி வந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகுதான் அவருடைய குடும்பம் இந்த வீட்டை விட்டுப் போயிற்று. இந்த வீடு என்று அவர் காட்டியது நாங்கள் படுத்துக்கொண்டிருந்த வீட்டை. அவர் அங்கே பிறந்தவர்.

சொந்த வீடு இல்லை. மெட்ஸாத்ரியா என்ற குத்தகை முறையில் அந்த வீட்டையும் நிலத்தையும் வைத்திருந்தார்கள். அந்த வார்த்தைக்குள் இருப்பது 'பாதி' என்ற சொல். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுகிறவனுக்கு. வாரம் என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் விளங்கும். பாதிக்கு மேல் இன்னும் சில உண்டு: பண்டிகைக்குக் கோழியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கல்யாணத்துக்குக்கூட நிலக்காரரின் சம்மதம் கேட்டாக வேண்டும். நூற்றாண்டுகளாக மத்திய இத்தாலியின் மலைச்சரிவுகளை இன்று நாம் படங்களில் பார்க்கிற மாதிரி ஆக்கியது இந்தக் குடும்பங்களின் உழைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இருபது வருஷத்தில் அவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1964ல் புதிதாக இப்படிப்பட்ட ஒப்பந்தம் எழுதக்கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குள் பாதி வீடுகள் காலி. காலியான கல் வீடுகளைத்தான் பிறகு நகரத்தாரும் வெளிநாட்டாரும் வாங்கிப் புதுப்பித்தார்கள். நிதானம் அந்த வீடுகளுக்குள் குடிவந்தது அப்புறம்தான்.

கிழவர் தெர்னி ஊரின் எஃகு ஆலைக்குப் போனார். சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு. அவருக்கு அது விடுதலையாக இருந்தது. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு உள்ள பொழுது தன்னுடையது என்பதை அவர் முதலில் அங்கேதான் தெரிந்துகொண்டாராம். திரும்ப இந்த வீட்டில் வந்து இருக்க ஆசையா என்று என் பெண் கேட்டதற்குச் சிரித்தார். ஊருக்குள் அவருக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு இருக்கிறது. குளிர்காலத்தில் சுவர் சூடாக இருக்கும். மரங்களைப் பார்க்க மட்டும் வருகிறார். ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு போகிறார். நாங்கள் தேடி வந்த வாழ்க்கை அவர் தப்பித்துப் போன வாழ்க்கை. இரண்டு பேரும் அதே படிக்கட்டில் எதிர்ப்பட்டோம், அவர் இறங்கி அறுபத்தைந்து வருஷத்துக்குமேல் ஆனபின் நாங்கள் ஏறிக்கொண்டு.

அவருடைய சிறுவயது மெதுவாகப் போயிற்றா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது காத்திருத்தல்தான். மழைக்கு, நிலக்காரருடைய கணக்குப்பிள்ளைக்கு, எடை போடும் நாளுக்கு. காத்திருக்கிறவனை வெளியிலிருந்து பார்த்தால் நிதானமாக இருக்கிறவன் போலத் தெரிவான். நம் கிராமங்களைப் பற்றி நகரத்திலிருந்து எழுதுகிறவர்கள் பல காலமாகச் செய்து வருகிற பிழை இது. நானும் செய்திருக்கிறேன்.

4

என் பெண் அந்தக் கிழவரை எங்களுக்குள் பேசும்போது 'தாத்தா' என்று சொன்னாள். 'அந்தத் தாத்தா இன்னிக்கு வரலையாப்பா?' வயதானவரை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நாங்கள் வளர்த்த பழக்கம். இரண்டாம் வருஷம் ஒரு சாயங்காலம் சுவர்மேல் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: 'நம்ம கொள்ளுத்தாத்தா எந்தப் பாதி?'

நிலம் உண்டு, வயல் உண்டு, திண்ணை உண்டு என்று நான் அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு சொர்க்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னுடையது என் தாத்தாவின் திண்ணை. காவிரிக் கிளை ஒன்றின் கரையில் ஊர். நாலு வேலி நிலம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா திண்ணையில் சாய்ந்து, வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவுவார். ஒரு முறை வெற்றிலை போட அரை மணி ஆகும். அவசரம் என்ற சொல்லே அந்தத் திண்ணைக்கு ஏறி வந்ததில்லை. உம்ப்ரியாவில் கல் சுவர்மேல் உட்கார்ந்து நான் அனுபவித்தது அந்த அரை மணியைத்தான் என்று எனக்குத் தெரியும்.

அதே மத்தியானத்தில் களத்தில் ஒருவர் இருந்தார். தாத்தாவைவிட வயதில் மூத்தவர் என்று நினைக்கிறேன். திண்ணைக்கு ஏற மாட்டார், தெருவுக்குள் வரமாட்டார், கொல்லைப்புறமாக வந்து நிற்பார். ஆறு வயதில் நான் அவரை 'வாடா' என்று கூப்பிட்டேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாரும் என்னைத் திருத்தவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வேளை அப்போது தெரிந்திருக்கலாம். 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1968 டிசம்பர் 25ல் வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதும் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இதுதான். என் தாத்தா யாரையும் அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சாந்தமானவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சாந்தமாக இருக்க அவருக்கு வசதி இருந்தது.

'வாங்கிக்கற பாதி' என்று பெண்ணிடம் சொன்னேன். பாதிக்கு மேலேயே வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொன்னேன்.

இது எங்கள் வீட்டு விவகாரம் மட்டும் இல்லை. தத்துவத்தின் விவகாரமும்கூட. உழைப்பது ஓய்வுக்காக, போர் புரிவது சமாதானத்துக்காக என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். சிந்தனை என்ற மிக உயர்ந்த காரியம் ஓய்வில்தான் நடக்கிறது. ஓய்வுக்கு அவர் சொன்ன கிரேக்க வார்த்தை ஸ்கோலே. ஸ்கூல் என்ற வார்த்தை அதிலிருந்து வந்தது. அதே அரிஸ்டாட்டில், அதே 'அரசியல்' நூலில், தறி தானாக நெய்யுமானால் எஜமானனுக்கு அடிமை தேவைப்படமாட்டான் என்றும் எழுதினார். தறி தானாக நெய்யவில்லை. ஆகவே அடிமை இருந்தான். ஆகவே ஓய்வு இருந்தது. ஆகவே தத்துவம் இருந்தது. அவர் இதை மறைக்கவில்லை என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். மறைக்கிறவர்கள் நாம். இப்போது தறி தானாகவே நெய்கிறது. இருந்தும் ஓய்வு எல்லாருக்கும் வந்து சேரவில்லை.

5

இங்கே தன்னார்வ உழைப்பின் வாதம் வரும். தாத்தா உட்கார்ந்து தின்றார், நீயோ கையால் உழைத்தாய். அதனால் உன் நிதானம் சுத்தமானது என்று சொல்லலாம். எனக்கும் முதல் வருஷம் அந்த ஆறுதல் இருந்தது. இரண்டாம் வருஷம் போயிற்று. வலையைச் சுருட்டும்போது, நாங்கள் வராத காலத்தில் இதை யார் செய்தார்கள் என்று பண்ணைக்கார அம்மாளைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஓர் அல்பேனியக் குடும்பம் ஒவ்வொரு அக்டோபரிலும் கூலிக்கு வந்துகொண்டிருந்தது. தன்னார்வலர்கள் கிடைக்க ஆரம்பித்தபின் கூப்பிடவில்லை. அவர்களும் பெரிய லாபத்தில் பண்ணை நடத்தவில்லை; கணக்கு எனக்கும் புரிந்தது. ஆனால் நான் தானமாகக் கொடுத்தது இன்னொருவர் விற்க வைத்திருந்த சரக்கு. இலவசமாகக் கொடுப்பவன் சந்தையில் எல்லாரையும்விட மலிவானவன். இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. உடம்பு வலித்ததால் மனசு சுத்தமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

1968 ஏப்ரலில் மெக்ஸிகோவின் குவெர்னவாகா நகரில், தொண்டு செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர்களிடமே இவான் இல்லிச் ஓர் உரை நிகழ்த்தினார். உங்கள் நல்லெண்ணத்தை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போங்கள் என்கிற தொனி. விருந்தாளியாகவோ மாணவனாகவோ வருவதில் தவறில்லை, உபகாரியாக வருவதுதான் தவறு என்பது அவர் வாதத்தின் சாரம். நான் உபகாரியாகப் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போனேன் என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் மாணவனும் ஓர் இடத்தை அடைத்துக்கொள்கிறான்.

ஊருக்குத் திரும்பும் வழியில் ரோம் ரயில் நிலையத்தில் ஒரு பழக்கடை வாசலில் பஞ்சாபி பேசிக்கொண்டிருந்த இருவரைப் பார்த்து என் பெண் ஆச்சரியப்பட்டாள். ரோமுக்குத் தெற்கே லத்தீனா சமவெளியில் ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள் காய்கறிப் பண்ணைகளில் வேலை செய்கிறார்கள். வடக்கே போ நதிச் சமவெளியில், மாதக் கணக்கில் நிதானமாகப் பதப்படுத்தப்படும் பெயர் பெற்ற பாலாடைக் கட்டிகளுக்கான மாட்டுத் தொழுவங்களிலும் இருட்டு விலகுமுன் பால் கறக்க எழுகிறவர்களில் பலர் அவர்கள்தான். 2024 ஜூனில், நாங்கள் முதல் தடவை போவதற்கு நான்கு மாதம் முன்னால், லத்தீனாப் பக்கத்தில் பண்ணை இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டான ஒரு பஞ்சாபித் தொழிலாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் குடியிருந்த இடத்தருகே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார். இத்தாலி முழுவதும் அதைப் பற்றிப் பேசிற்று. அதே தேசம், அதே மண். நானும் இந்தியன், அவரும் இந்தியர். நான் விடுமுறைக்கு வந்தவன் என்பது ஒன்றுதான் வித்தியாசம். நான் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். இந்தத் திரும்பிப் போகும் வசதியைத்தான் நாம் நிதானம் என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

6

இன்னொரு பக்கமும் உண்டு. நான் எனக்காகத் தேர்ந்தெடுக்கலாம். பெண்ணுக்காகவும் தேர்ந்தெடுக்கலாமா? பண்ணைக்காரர்கள் எங்களை அங்கேயே வந்து குடியேறச் சொன்னார்கள். ஒரு வாரம் அதை நான் மும்முரமாக யோசித்தேன். யோசிக்கும்போது என் ஞாபகத்துக்கு வந்தது டால்ஸ்டாய் பண்ணை.

1910ல் ஜோஹன்னஸ்பர்க்குக்கு இருபது மைலுக்குச் சற்று அப்பால், காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி அதைத் தொடங்கினார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்கின. அவர்களில் தமிழர்கள் பலர். அந்நிய தேசத்தில் தந்தைகளும் தாய்களும் குழந்தைகளும் தோட்ட வேலை, செருப்புத் தைத்தல், சமையல் என்று எல்லாவற்றையும் தாங்களே செய்து வாழ்ந்தார்கள். நகரத்துக்கு நடந்தே போனார்கள். கப்பலிலும் சிறையிலும் போப்பின் பாடப் புத்தகத்தை வைத்துக் கற்ற அரைகுறைத் தமிழைக்கொண்டு காந்தியே தமிழ்க் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார். எனக்குத் தெரிந்த நிதான வாழ்க்கைப் பரிசோதனைகளில் இது ஒன்றுதான் விடுமுறையாக இல்லாதது. அங்கே இருந்தவர்களுக்குப் பின்னால் சிறை இருந்தது.

ஆனால் 1911ல் மூத்த மகன் ஹரிலால் தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்குப் போனார். பல தடவை சிறைக்குப் போய் வந்தவர், கோழை இல்லை. முறையான படிப்பு வேண்டும் என்று கேட்டார். தந்தை அந்தப் படிப்பில் நம்பிக்கை இழந்திருந்தார். தானே அந்தப் படிப்பைப் படித்து, பாரிஸ்டராகி, அதன் பயன்களைப் பார்த்து, பிறகு துறந்தவர். மகனுக்குத் துறக்க ஒன்றும் இல்லை. கையில் இல்லாததை எப்படித் துறப்பது? தனக்குப் படிப்பு மறுக்கப்பட்டது என்ற மகன்களின் குறையைக் காந்தியே சுயசரிதையில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. காந்திக்கே முடியாத ஒன்று எனக்கு எளிதாக முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தகப்பன் ஓடிக் களைத்தபின் உட்கார ஆசைப்படுகிறான். பிள்ளை இன்னும் ஓடவே தொடங்கவில்லை. தகப்பனுடைய களைப்பைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைப்பது நியாயமில்லை. நாங்கள் குடியேறவில்லை.

7

அப்படியென்றால் போனது வீணா? இங்கேதான் நான் என் நண்பரிடமிருந்தும் இல்லிச்சிடமிருந்தும் விலகுகிறேன்.

தமிழில் நிதானம் என்ற சொல்லுக்கு வேகக் குறைவு என்பது ஒரு பொருள்தான். நிதானிப்பது என்றால் அளந்து பார்ப்பது, மதிப்பிடுவது. குடித்தவன் நிதானம் தப்பிவிட்டான் என்கிறோம்; அவன் மெதுவாகத்தான் நடக்கிறான். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. 'ஸ்லோ' என்ற வார்த்தைக்குள் இந்த இரண்டாவது பொருள் இல்லை. அந்த வார்த்தையைத் தாங்கி வந்த இயக்கங்களில் சிலவற்றுக்கு நேர்ந்த கதி அதனால்தானோ என்னவோ. வேகத்தைக் குறைத்தார்கள், எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவில்லை. என் தாத்தாவுக்கும் முதல் நிதானம் நிறைய இருந்தது. இரண்டாவது இருந்ததாகச் சொல்ல முடியாது. முதலாவதைக் கடனாக வாங்கலாம், பிறரிடமிருந்து பறிக்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். இரண்டாவதை அப்படி வாங்க முடியாது. ஆனால் முதலாவது கொஞ்சமாவது இல்லாமல் இரண்டாவது வருவதில்லை என்பதும் உண்மை. காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது 'நம்ம கொள்ளுத்தாத்தா எந்தப் பாதி?' என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. அந்தக் கேள்விக்கு ஒரு கல் சுவரும், வேலையில்லாத ஒரு சாயங்காலமும், பதில் வரும்வரை எழுந்து போகாத ஒரு தகப்பனும் வேண்டியிருந்தது.

ஆகவே குற்றமில்லாத ஓய்வு உண்டா என்று கேட்டால், நான் பார்த்தவரை இல்லை என்றுதான் சொல்வேன். அதற்காக ஓய்வை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். விட்டுவிடுவதால் அந்தப் பண்ணையாளுக்கு ஒரு நிமிஷமும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. வாங்கியதைக் கடன் என்று தெரிந்து வைத்திருப்பது, யாரிடம் வாங்கினோம் என்று விசாரித்துக்கொண்டே இருப்பது, முடிந்த இடத்தில் திருப்பித் தருவது என்ற அளவுக்குத்தான் என்னால் போக முடிகிறது. வரும் அக்டோபரில் கூலி ஆளை வைத்துக்கொண்டால் நாங்கள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பணம் கொடுத்து விருந்தாளியாக வருகிறோம் என்று பண்ணைக்கார அம்மாளுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஊரில் இருக்கிற சித்தப்பாவுக்கும் எழுதி, களத்தில் நின்றவரின் பெயர் என்ன என்று கேட்டிருந்தேன். அவருக்கும் ஞாபகம் இல்லை. இன்னும் யாரைக் கேட்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெண்ணிடம் மறுபடியும் போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் அம்மாவும் வரவேண்டும் என்றாள். இரண்டு வருஷமாக எனக்கு அது தோன்றவில்லை. மனைவி இப்போது லீவு கேட்டிருக்கிறாள். கிடைத்தால் அந்த இரண்டு வாரம் அவளுடைய ராத்திரி ஷிப்டை வேறு யாரோ பார்க்க வேண்டும். அது யார் என்று கேட்டுப் பெயரைத் தெரிந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.